சுப்ராவில் விரித்த ஊர்

அண்ணாச்சி,

காதர் பாய் இன்று காலை சுப்ராச் சுருள் ஒன்றைப் புதிதாகப் பிரித்தார். தரையில் விரித்து அதன் மேல் சோற்றை வைத்துச் சாப்பிடுவோமே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு. கத்தரிக்கோல் தேடினேன், கிடைக்கவில்லை, பல்லால் கடித்துக் கிழித்தேன். புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாசனை மூக்கில் ஏறியது. உடனே உங்கள் முதுகு கண்ணில் வந்து நின்றது. முகம் இல்லை, முதுகுதான். முட்டி போட்டு உட்கார்ந்து, அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை இரண்டு கையாலும் சுருக்கம் நீவிக்கொண்டே போவீர்கள். "சுருக்கம் இருந்தா குளத்துல தண்ணி நிக்காது" என்பீர்கள். நானும் இன்று நீவினேன். சுருக்கம் போகவில்லை. கோபம் வந்தது. சுப்ரா மேல் கோபமா, உங்கள் மேல் கோபமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் சுப்ராவில் நம் ஊரை விரித்துக் காட்ட வேண்டிய தேவை வரவில்லை, ஏனென்றால் ஊரிலிருந்து புதிதாக யாரும் வரவில்லை. போன வாரம் ஒருவர் வந்துவிட்டார். முத்துக்குமார் என்று பெயர், நாற்பது வயதிருக்கும், கல் குவாரியில் வெல்டர் வேலை. இன்று மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார் என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீதான அவியகூட ஒரே ரூம்ல கெடந்த, நீயே விரி" என்றார் காதர் பாய். சரி என்று சொல்லிவிட்டேன். விரிப்பது பெரிய காரியம் இல்லை. உங்கள் வீட்டை அதில் எங்கே வைப்பது என்பதுதான் தெரியவில்லை. நடந்ததை எல்லாம் வரிசையாக உங்களுக்கே சொல்லிப் பார்த்தால் எனக்காவது ஏதாவது பிடிபடுமா என்று பார்க்கிறேன். ஆட்கள் வர இன்னும் நேரம் இருக்கிறது, சோறு இன்னும் வடிக்கவில்லை.

இந்த ராஸ் அல் கைமாவில் நம் ஊர்க்காரர்கள் எந்தெந்த கேம்ப்பில் இருந்தாலும், சிமெண்ட் கம்பெனியோ குவாரியோ நம் டைல்ஸ் கம்பெனியோ, லீவு நாளில் காதர் பாய் மளிகைக் கடையின் மாடி அறைக்கு வந்துவிட வேண்டும். அதற்கு 'வெள்ளிச் சோறு' என்று பெயர். வாராந்திர லீவு ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிய பிறகும் நாம் அந்தப் பெயரை மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளிச் சோற்றுக்குப் போகிறேன் என்று நாம் சொல்லுவதைக் கேட்டு பக்கத்து ரூம் பெங்காலிகள் சிரிப்பார்கள்.

நான் முதல் முதலாக வந்த அன்று இந்த வழக்கம் எனக்குத் தெரியாது. பசியோடு உட்கார்ந்தேன். நீங்கள் சோற்றுச் சட்டியைத் தட்டருகே கொண்டுவராமல் சுப்ராவின் நடுவில் வைத்தீர்கள். "இதுதான் கச்சேரி" என்றீர்கள். தாலுகா ஆபீஸை நம் ஊரின் பழைய ஆட்கள்தான் இன்னும் கச்சேரி என்பார்கள். அடுத்து சாம்பார் வாளி, அது குளம். தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நின்று பஜார் ஆனது. ஊறுகாய் பாட்டில் சர்ச் கோபுரம், தயிர் டப்பா பெருமாள் கோயில், கவிழ்த்து வைத்த டம்ளர் பள்ளிவாசல். பச்சை மிளகாய்த் தட்டு போலீஸ் ஸ்டேஷன். அப்பளப் பை கோர்ட்டு. "தொட்டாலே நொறுங்கும், சத்தம் மட்டும் பெருசா கேக்கும்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தீர்கள். பழத்தைத் தின்றுவிட்டு, விதையை அவரவர் வீடு இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

எல்லோரும் வைத்தார்கள். நான் விதையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நம் ஊரில் எந்தத் தெரு என்று சொன்னால் என்ன சாதி என்று சொன்ன மாதிரி. என் தெரு குளத்துக்கு அந்தப் பக்கம், எல்லாத் தெருவும் முடிந்த பிறகு, சுடுகாட்டுக்குப் போகிற பாதையில் இருக்கிறது. அந்த அறையில் அன்று உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேரின் வீட்டுத் திண்ணையில் என் அப்பா உட்கார்ந்ததில்லை. ஏழு கடல் தாண்டி வந்த இடத்திலும் விதையை வைக்கச் சொல்கிறாரே இந்த மனிதர் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கடைசியில் சுப்ராவின் ஓரத்தில், சாம்பார் வாளிக்கு அப்பால் வைத்தேன். நீங்கள் சாம்பார் வாளியைத் தூக்கி ஒரு கை அளவு நகர்த்தி வைத்தீர்கள். நடுவில் குளம் இல்லாமல் என் தெரு கச்சேரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. "இங்கேருந்து கச்சேரி ரெண்டு எட்டுதான்" என்றீர்கள். உண்மையில் அது ரெண்டு எட்டு இல்லை, நல்ல வெயிலில் நடந்தால் நாக்கு வறண்டுவிடும். ஆனால் யாரும் மறுக்கவில்லை. அன்றைக்கு என் வயிற்றுக்குள் சோறு நிம்மதியாக இறங்கியது.

சாப்பிடும்போது ஊர்க் கதை சொன்னீர்கள். அதை எத்தனையோ முறை கேட்டாயிற்று, ஆனாலும் ஒரு தரம்கூட எனக்கு அலுத்ததில்லை. தாலுகாத் தலைமையிடம் முன்பு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருந்ததாம். ஒரு மழைக்காலத்தில் ஆறு அந்த ஊருக்குள் புகுந்ததாம். தாசில்தாரும் குமாஸ்தாக்களும் தாள் கட்டுகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, தண்ணீர் வடிகிற வரைக்கும் என்று சொல்லி நம் ஊருக்கு வந்தார்களாம். நம் ஊரில் அப்போது சோளம் தவிர ஒன்றும் கிடையாது. ஆனாலும் எல்லாத் தெருவிலிருந்தும், எல்லாத் தெருவும் என்று நீங்கள் இரண்டு முறை சொல்வீர்கள், வீட்டுக்கு ஒரு படி கொண்டுவந்து ஒரே கொட்டகையில் பொங்கிப் போட்டார்களாம். அந்த வண்டிகள் குளக்கரையிலிருந்து கச்சேரிக்குப் பின்னால் வந்த பாதைக்குத்தான் சோத்துச் சந்து என்று பெயர். தண்ணீர் வடிந்தது, குமாஸ்தாக்கள் திரும்பிப் போகவில்லை. தலைமையும் போகவில்லை. "சண்டை போட்டு வாங்கல தம்பி. சோறு போட்டு வாங்குன தலைமை நம்ம ஊரோடது" என்று முடிப்பீர்கள்.

அதனால் சுப்ராவில் சோற்றுச் சட்டிக்குப் பின்னால் ஒரு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருப்பீர்கள். அதில் யாரும் தட்டை வைக்கக்கூடாது. "சந்த அடைக்காதீங்க, வண்டி வரணும்" என்பீர்கள்.

இப்போது யோசித்தால் எல்லாமே முகத்துக்கு நேராக இருந்திருக்கிறது. நீங்கள் ஒரு நாளும் உங்கள் விதையை வைக்கவில்லை. எல்லோரும் வைத்த பிறகு, எவனாவது ஒருத்தன் கேட்பான். "அண்ணாச்சி, ஒங்க வீடு எங்க?" நீங்கள் கரண்டியை எடுப்பீர்கள். "சோறு ஆறுது, சாப்பிடுங்க." அவ்வளவுதான். எல்லோரும் கையைச் சோற்றில் வைத்துவிடுவோம். பசித்த ஆட்களின் முன்னால் அதைவிட நல்ல பதில் கிடையாது. உங்கள் பேச்சில்கூட ஒரு வித்தியாசம் இருந்தது. நாங்கள் 'வந்தாவ, போனாவ' என்றால் நீங்கள் 'வந்தாக, போனாக' என்பீர்கள். ஒரு தரம் காதர் பாய் கேட்டார். "என்ன அண்ணாச்சி, ஒங்க பேச்சுல மதுர வாடை அடிக்குது?" அதற்கு நீங்கள், "பத்து ஊரு ஆளுகளோட ஒரே ரூம்ல கெடந்தா பேச்சு கலங்காமலா இருக்கும்" என்றீர்கள். நியாயமாகத்தான் பட்டது. எங்களில் பாதிப் பேருக்கு இந்தி, மலையாளம், அரபி எல்லாம் கலந்துதான் வாய் திறக்கிறது.

உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது சூளைப் பக்கத்தில் டூட்டியில் இருந்தபோது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், டைல்ஸ் தரம் பிரிக்கிற சார்ட்டிங்கில் இருந்து நான் ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. உங்கள் நெற்றியில் கை வைத்தபோது சூளை வெக்கை இன்னும் இருந்தது. அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

கம்பெனிக்காரர்களே தாள் வேலை எல்லாம் முடித்தார்கள். திருவனந்தபுரத்துக்கு ஏற்றி அனுப்புவதாகவும், அங்கே உங்கள் அக்காள் மகன் வந்து வாங்கிக்கொள்வான் என்றும் ஆபீஸில் சொன்னார்கள். அங்கிருந்து ஊருக்குக் கொண்டுபோகிற பொறுப்பை நாங்கள் எடுத்துக்கொண்டோம். நம் ஊரில் அமரர் ஊர்தி ஓட்டுகிற சுடலைக்கு நான்தான் போன் போட்டேன். "நம்ம அண்ணாச்சி. ஏர்போர்ட்டுக்குப் போயி ஊருக்குக் கொண்டாந்துரு" என்றேன். "எந்தத் தெரு?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. வந்த பிறகு தெரிந்துவிடும் என்று சொல்லி வைத்தேன். உங்கள் மருமகனிடமும் இரண்டு வார்த்தை பேசினேன். வண்டி வரும், ஏறிக்கொள் என்றேன். சரிண்ணே என்றான். வேறு எதுவும் அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஊர் குரூப்பில் செய்தி போட்டார்கள். இங்கே வேலை பார்க்கிற ஒவ்வொருவன் வீட்டிலிருந்தும் ஆட்கள் மாலையோடு கிளம்பினார்கள்.

வீடு தெரியாததால் எல்லோரும் தாலுகா ஆபீஸ் முன்னால் வந்து நின்றார்கள். அங்கே டீக்கடை வைத்திருப்பது காதர் பாயின் தம்பி சாகுல். அவர்தான் போனைத் தூக்கிப் பிடித்து எங்களுக்கு வீடியோவில் காட்டினார். நாங்கள் இந்த மாடி அறையில் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். வண்டி வந்து நின்றது. சுடலை இறங்கினான். கூட்டத்தைப் பார்த்து, "எந்தத் தெருவுக்கு விடணும்?" என்று கேட்டான்.

ஒருவருக்கும் தெரியவில்லை, அண்ணாச்சி. மேலத்தெருக்காரர்கள் உங்களைக் கீழத்தெரு என்று நினைத்திருக்கிறார்கள். கீழத்தெருக்காரர்கள் நீங்கள் சர்ச் தெரு என்று நினைத்திருக்கிறார்கள். எங்கள் தெருக்காரர்கள் நீங்கள் ரத வீதி ஆள் என்றுதான் வீட்டில் பேசிக்கொள்வார்கள். ஆளாளுக்கு வேறு யாருக்கோ சொந்தம் என்று எண்ணிக்கொண்டு மாலை வாங்கி வந்திருக்கிறார்கள். சுடலை உங்கள் மருமகனைப் பார்த்தான். அவன் எங்கள் ஆட்களைப் பார்த்தான்.

"ஒங்களுக்குத்தானேண்ணே தெரியும்" என்றான் அந்தப் பையன்.

"எங்களுக்கு எப்படிடே தெரியும்? ஒங்க மாமா வீடு எங்கருக்கு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"மாமா வீடு எங்க ஊர்லதாண்ணே இருக்கு. பரமக்குடி தாண்டிப் போகணும். அம்மா அங்க காத்துக்கிட்டு இருக்கு."

"அப்ப இங்க எதுக்குடே வந்த?"

"நீங்கதான வண்டி அனுப்புனீக. மாமா போன் பண்ணுனா இந்த ஊரப் பத்தித்தாண்ணே பேசும். அதான், தன்னைய இங்க கொண்டாந்து வைக்கணும்னு ஒங்ககிட்டச் சொல்லிட்டுப் போயிருச்சு போலன்னு நெனச்சேன். பெரியவுகள்ட்ட எப்படிக் கேக்குறதுன்னு பேசாம ஏறிட்டேன்."

நீங்கள் நம் ஊர்க்காரர் இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தது இப்படித்தான். இங்கே அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முதலில் எனக்கு வந்தது அவமானம், பிறகு ஆத்திரம். யாரோ ஒருவர் என் தோளில் கை வைத்தார், தட்டிவிட்டேன். அத்தனை வருசம் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மனிதர் யார் என்று எனக்கே தெரியாதா?

அங்கே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ ஒரு பெரியவர் மெதுவாகச் சொன்னது போனில் கேட்டது. "ஊர்லயே வச்சிருவோம்னாலும் எந்தச் சுடுகாட்டுல வைக்க?" அதுதான் நம் ஊர். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சுடுகாடு. எல்லாத் தெருவுக்காரனுக்கும் ஒரே சட்டியிலிருந்து சோறு போட்டவரை எங்கே வைப்பது என்று அத்தனை பேரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாலைகள் கையிலேயே வாடின. எங்கள் தெருவில் வையுங்கள் என்று கத்த நினைத்தேன். அதைச் சொல்ல நான் யார்? உங்களுக்கு அதில் சம்மதமா என்பதே எனக்குத் தெரியாதே.

அப்போது உங்கள் அக்காவிடமிருந்து அந்தப் பையனுக்குப் போன் வந்தது. பதறிக்கொண்டே சொன்னான். நடந்ததைக் கேட்டுவிட்டு அந்த அம்மாள் போனைப் பெரியவர்களிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். சாகுல் வாங்கினார். அந்த அம்மாள் பேசியது எங்களுக்கும் கேட்டது.

"எய்யா, அவன் அந்த ஊரப் பாத்திருக்கானா இல்லையான்னே எனக்குத் தெரியாது. பஸ்ல தாண்டிப் போயிருந்தா உண்டு. ஆனா அந்த ஊருன்னா அவனுக்கு உசுரு. வந்தது வந்தாச்சு, ஒரு சுத்து காமிச்சுட்டு அனுப்புங்க. நான் காத்துக்கிட்டு இருக்கேன்."

சாகுல் போனைத் திருப்பிக் கொடுத்தார். டீக்கடை பெஞ்சை ஓரமாக இழுத்துப் போட்டு வழி விட்டார். "யல்லா, சுடலை, வண்டிய எடு. சுத்திக் காமிப்போம்" என்றார். அவர் முன்பு ஷார்ஜாவில் இருந்தவர், கிளம்பு என்கிற அந்த அரபி வார்த்தை இன்னும் வாயில் ஒட்டியிருக்கிறது.

வண்டி மெதுவாக நகர்ந்தது. கூட்டம் பின்னால் நடந்தது. சுடலை பொதுவாக யாரிடமும் பேசாதவன். அன்றைக்கு ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, பின்னால் திரும்பிப் பார்த்துச் சொன்னான். "அண்ணாச்சி, இதுதான் கச்சேரி. அண்ணாச்சி, இது சப் ஜெயிலு, இப்ப ஆள் இல்ல. இது பத்திர ஆபீஸு. இது பஜாரு." பள்ளிவாசல், சர்ச், பெருமாள் கோயில் எல்லாம் ஆயிற்று. மேலத்தெருவுக்குள்ளும் வண்டி போனது, கீழத்தெருவுக்குள்ளும் போனது. குளக்கரையில் நிறுத்தினான். பிறகு எங்கள் தெருவுக்குள்ளும் வந்தது. மற்றத் தெருக்காரர்கள் எங்கள் தெருவுக்குள் அத்தனை பேராக நடந்து வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் அம்மா வாசலில் நின்று கும்பிட்டாள். அந்தச் சின்னப் போன் திரையில் அது எனக்குத் தெரிந்தது.

குளக்கரையிலிருந்து திரும்பும்போதுதான் அது நடந்தது. நாங்கள் இங்கிருந்து எல்லோருமாகக் குரல் கொடுத்தோம். "சுடலை, நேரா போகாத. சோத்துச் சந்துக்குள்ள விடு. அவிய அதத்தான் பாக்கணும்." சுடலை வண்டியைத் திருப்பினான். கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டான். எதிரில் சுவர். கச்சேரியின் பின்பக்கச் சுவர், பழைய செங்கல் சுவர், ஆலங்கன்று முளைத்திருந்தது.

"எந்தச் சந்து? இங்க சந்தே கெடையாதே" என்றான் சுடலை.

"அங்கதாம்ல, நல்லாப் பாரு" என்றார் காதர் பாய். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த காதர் பாய். நானும் கத்தினேன், அதே குளத்தில் குளித்து வளர்ந்த நானும். எங்களுக்கு அந்தச் சந்து கண் முன்னால் தெரிந்தது, அண்ணாச்சி. அதில் வண்டிச் சக்கரத் தடம்கூடத் தெரிந்தது. அது சுப்ராவில் நீங்கள் விட்டுவைத்த விரல் அகல இடம் என்று உறைக்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சுடலை அந்தச் சுவர் முன்னால் ஒரு நிமிசம் வண்டியை நிறுத்தினான். "அண்ணாச்சி, இதுதான் சோத்துச் சந்து" என்று சொன்னான். பிறகு வண்டியைப் பின்னால் எடுத்து, பரமக்குடி ரோட்டில் ஏற்றினான்.

லீவில் ஊருக்குப் போனபோது அந்தச் சுவரைப் போய்ப் பார்த்தேன். கையால் தட்டிக்கூடப் பார்த்தேன். டைல்ஸ் தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கிற பழக்கம், சுவரைக்கூட விடுவதில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிற பெரியவரிடம், ஆற்று வெள்ளத்தில் தலைமை மாறிய கதை உண்டா என்று கேட்டேன். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சு கச்சேரி ஆதியிலேருந்து இங்கதான் இருக்கு" என்றார். சரி, எல்லாம் உங்கள் கற்பனை என்று முடிவுக்கு வந்துவிட்டேன். திரும்பி வந்து காதர் பாயிடம் சொன்னால், "இல்லல்லா, குமாஸ்தாமாருக்குச் சோறு போட்டது எங்க வாப்பா சொல்லி நானே கேட்டிருக்கேன்" என்கிறார். சிமெண்ட் கம்பெனி அந்தோணி, ஆறு ஊருக்குள் வந்ததைத் தன் தாத்தா சொன்னார் என்கிறான். மாட்டு வண்டியில் தாள் கட்டு வந்ததை என் அப்பா சொல்லி நானே கேட்ட ஞாபகம் எனக்கும் இருக்கிறது. அது நிஜமான ஞாபகமா, உங்கள் வாயிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதா என்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை. ஒவ்வொருவனிடமும் ஒரு துண்டு வாங்கி நீங்கள் தைத்தீர்களா? அல்லது நீங்கள் தைத்துக் கொடுத்ததை நாங்கள் எங்கள் வீட்டுத் துணி என்று சொல்லிக்கொள்கிறோமா?

உங்கள் அக்காவையும் போய்ப் பார்த்தேன். கருவேலங்காட்டுக்கு நடுவில் நாலு வீடு. தெரு என்று ஒன்றும் இல்லை. தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். ஏன் இப்படிச் சொல்லிக்கொண்டார் என்று கேட்டேன். "எங்க ஊரப் பத்திச் சொல்லிக்கிற என்னய்யா இருக்கு" என்றார். பிறகு சொன்னார். நீங்கள் வந்த புதிதில் கேம்ப்பில் தனியாகக் கிடந்தபோது, வெள்ளிக்கிழமை யாரோ வந்து, நம்ம ஊர்ச் சோறு, வா என்று கூப்பிட்டார்களாம். அவர்கள் உங்களை வேறு யாரோ என்று நினைத்துக் கூப்பிட்டார்களாம். நீங்கள் பசியில் போய் உட்கார்ந்துவிட்டீர்களாம். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தீர்களாம். அடுத்த வாரமும் சோறு நன்றாக இருந்ததாம்.

அதைச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் சிரித்தார், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அங்க அவனுக்கு ஆளுக நெறைய இருந்தாகளாய்யா?" என்று கேட்டார். இருந்தார்கள் என்றேன்.

பசிதான் காரணம் என்று இருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் பசிக்கு வந்த மனிதர் எதற்காக வாளியை நகர்த்தி என் தெருவைப் பக்கத்தில் வைக்க வேண்டும்? எல்லாத் தெருவும் என்று எதற்கு இரண்டு முறை சொல்ல வேண்டும்? உங்கள் ஊரில் உங்களுக்கும் என் கதைதானா, அல்லது அதற்கு நேர் எதிரா? அக்காவிடம் கேட்டிருக்கலாம். ஜாடையாகக் கேட்க எத்தனையோ வழி நம் ஆட்களுக்குத் தெரியும். அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவே கூடாது என்றுதான் நீங்கள் அத்தனை வருசம் கரண்டியைத் தூக்கினீர்களோ என்று தோன்றியது. கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன். நான் செய்தது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. சில நாள் உங்கள் மேல் கோபமாக எழுந்திருக்கிறேன், சில நாள் உங்களைத் தேடி எழுந்திருக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் இப்போது ஒரு நேபாளி படுத்திருக்கிறான்.

இவ்வளவும் எழுதி முடிப்பதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். பேனாவை வைத்துவிட்டுப் போய் விரித்தேன். மீதியைச் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு எழுதுகிறேன்.

சோற்றுச் சட்டியை நடுவில் வைத்தேன். சாம்பார் வாளியை எங்கே வைப்பது என்று ஒரு நொடி தடுமாறினேன். நிஜமான இடத்திலா, நீங்கள் வைத்த இடத்திலா? என் கை தானாகவே உங்கள் இடத்தில் வைத்துவிட்டது. பாட்டில், டம்ளர், மிளகாய்த் தட்டு எல்லாம் ஆயிற்று. அப்பளக் கோர்ட்டுக்குச் சிரித்தார்கள். பழம் கொடுத்தேன். எல்லோரும் விதை வைத்தார்கள். முத்துக்குமார் கொஞ்சம் தயங்கித் தன் விதையை வைத்தார். அவர் எந்தத் தெரு என்று உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதை யாரும் கவனித்த மாதிரியும் இல்லை.

தட்டில் இன்னும் ஒரு பழம் இருந்தது. அறையில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள், யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்துத் தின்றேன். விதையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். சுப்ராவுக்கு வெளியே வைப்பதா? பரமக்குடி ரோடு போகிற திசையிலா? காதர் பாய் தொண்டையைச் செருமினார். சட்டிக்குப் பின்னால் அந்த விரல் அகல இடம் சும்மா கிடந்தது. யாரும் சொல்லாமலே எல்லோரும் தட்டைத் தள்ளி வைத்திருந்தார்கள். அங்கே வைத்தேன்.

முத்துக்குமார் போன வாரம்தான் ஊரிலிருந்து வந்தவர், எல்லாம் அவருக்குப் பச்சையாக ஞாபகம் இருக்கும். அவர் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, அது கச்சேரிக்குப் பொறத்தாலல்லா? அங்க சுவருதான இருக்கு. அங்க யாரு வீடு? எந்தத் தெரு அது?"

காதர் பாய் என்னைப் பார்த்தார், அந்தோணி என்னைப் பார்த்தான். நான் யோசிப்பதற்குள் என் கை கரண்டியை எடுத்துவிட்டது.

"சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றேன்.